பிள்ளைகளின் கால்நடைக்குத் தக்கதாக

வேதத்தில் ஒரு காட்சி. இருபது வருடம் கழித்து அண்ணன் ஏசாவும் தம்பி யாக்கோபும் சந்திக்கிறார்கள். ஏசாவோடு 400 ஆட்கள். யாக்கோபோடு நான்கு பெண்கள், 11 மகன்கள், ஒரு மகள், கறவை மாடுகள், குட்டி போட்ட ஆடுகள். கட்டிப்பிடித்து அழுது முடித்ததும் ஏசா, சேர்ந்தே போகலாம், நான் முன்னால் நடக்கிறேன் என்கிறான். யாக்கோபு நழுவுகிறான். பிள்ளைகள் சின்னவர்கள், ஒரே ஒரு நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை செத்துப்போகும், நீங்கள் போங்கள், நான் ‘பிள்ளைகளின் கால்நடைக்குத் தக்கதாக’, அதாவது அவர்கள் கால் நடக்கிற வேகத்துக்கு ஏற்றபடி, மெதுவாக வருகிறேன் என்கிறான் (ஆதியாகமம் 33:13, 14).

ஏசாவின் இடமான சேயீருக்கு வருகிறேன் என்று சொன்னவன் சுக்கோத்துக்குப் போய் வீடு கட்டி உட்கார்ந்துவிட்டான் என்பது வேறு கதை. சாக்கு சொல்வதில் யாக்கோபை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் அவன் சாக்காகச் சொன்ன அந்தக் கணக்கு மட்டும் சரியான கணக்கு. குடும்பத்தோடு கிளம்புகிற எல்லாருக்கும் முதல் பாடம் அதில்தான் இருக்கிறது. நாம் திட்டம் போடுவது 400 ஆட்களின் வேகத்தில். நடக்கப்போவது நான்கு வயதுப் பிள்ளையின் காலும், முட்டி தேய்ந்த பாட்டியின் காலும்.

எனவே அட்டவணையைக் குடும்பத்திலேயே மெதுவாக நடக்கிறவரை வைத்துப் போடுங்கள். வரைபடச் செயலி 6 மணி நேரம் என்று காட்டினால் 8 என்று எழுதிக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கு கூட்டுவது கழிப்பறைக்கும் வாந்திக்கும் மறந்துபோன தண்ணீர்ப் பாட்டிலுக்கும் சரியாகப் போய்விடும். சாலைப் பயணம் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எல்லாரும் இறங்கிப் பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும். தூங்குகிற பெரியவர்களையும் எழுப்பி இறக்கிவிடுவது நல்லது, நெடுநேரம் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் வீங்கும். ஐந்து வயதுக்குள் பிள்ளை இருந்தால் ஒரு நாளைக்கு நிச்சயமான இடம் ஒன்றே ஒன்று. அது புனிதத் தலமாக இருந்தாலும் அப்படித்தான். ஒரே பகலில் ஏழு ஆலயம் பார்க்கிற குடும்பம், ஏழாவது ஆலயத்தின் வாசலில் யாரையாவது திட்டிக்கொண்டு நிற்கும்.

மருந்து விஷயத்தில் மெத்தனம் கூடாது. பயண நாட்கள் எத்தனையோ அத்தனை நாளுக்கும், அதற்கு மேல் மூன்று நாளுக்கும் எடுத்து, இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். ஒரு பை தொலைந்தாலும் மாத்திரை தொலையாது. மாத்திரைகளை அதன் அட்டையோடு வையுங்கள், மருத்துவர் சீட்டின் நகல் கூடவே இருக்கட்டும். இன்சுலின் எப்போதும் கைப்பையில். விமானத்தின் அடிப்பகுதியில் போகிற பெட்டிக்குள் அது உறைந்துவிடலாம், வெயிலில் நிறுத்திய காருக்குள் வெந்துவிடலாம். இரண்டு விதத்திலும் கெட்டதுதான், பல சமயம் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது.

இதையெல்லாம் சொன்னால், ‘ஜெபித்துவிட்டுக் கிளம்பினால் போதாதா’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு வேதத்தில் எஸ்றா புத்தகத்தின் எட்டாம் அதிகாரத்தைக் காட்டுவேன். பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு ஒரு பெருங்கூட்டத்தை நடத்திக்கொண்டு போகிறார் எஸ்றா. கர்த்தருடைய கரம் எங்கள்மேல் இருக்கிறது என்று ராஜாவிடம் பெரிதாகச் சொல்லிவிட்டதால், வழித்துணைக்குப் படை கேட்க வெட்கம். அகாவா நதிக்கரையில் எல்லாரும் உபவாசம் இருக்க வேண்டும் என்று அறிவிக்கிறார். எங்களுக்காக, எங்கள் பிள்ளைகளுக்காக, எங்கள் பொருள்களுக்காகச் செவ்வையான வழி வேண்டும் என்று ஜெபம். பிள்ளையும் பொருளும் ஒரே வாக்கியத்தில் வருகிற ஜெபம் அது. அதை முடித்த கையோடு தராசை எடுக்கிறார். 650 தாலந்து (அந்தக் கால எடை அளவு) வெள்ளியும் 100 தாலந்து பொன்னும் நிறுத்து, ஆசாரியர் தலைவரில் 12 பேரைப் பிரித்து, அவர்கள் கையில் ஒப்படைக்கிறார். முதலாம் மாதம் 12ஆம் தேதி நதியை விட்டுப் புறப்பட்டவர்கள் ஐந்தாம் மாதம் முதல் தேதி எருசலேம் சேருகிறார்கள். மூன்று நாள் இளைப்பாறுகிறார்கள். நான்காம் நாள் மறுபடியும் தராசு. எண்ணிக்கையும் நிறையும் சரிபார்த்து எழுதிவைக்கிறார்கள். உபவாசம் இருந்த அதே ஆள்தான் நிறுத்ததும்.

வீட்டு அளவில் இதைச் செய்ய ஒரு சிறிய நோட்டும் மூன்று உறைகளும் போதும். ஒன்று அன்றாடச் செலவு. இரண்டாவது அவசரம், இதை யாரும் தொடுவதில்லை. மூன்றாவது காணிக்கை. காணிக்கையைக் கிளம்பும் முன்பே தனியாக எடுத்துவைப்பது முக்கியம், ஏனென்றால் பயணத்தின் கடைசி நாளில் மிஞ்சுகிற சில்லறைதான் பெரும்பாலும் கடவுளுக்குப் போகிறது. எஸ்றா ஒரே ஆளிடம் மொத்தத்தையும் கொடுக்கவில்லை, நீங்களும் கொடுக்காதீர்கள். இரவில் ஐந்து நிமிடம், இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, தொகையை எழுதி, தேதி போட வேண்டும். கணவன் மட்டுமே கணக்கு வைத்திருக்கிற பயணங்களில் மூன்றாம் நாள் சண்டை வருவதற்குக் காரணம் செலவு கூடியது என்பதை விட, எவ்வளவு மிச்சம் என்று மனைவிக்குத் தெரியாமல் இருப்பதுதான்.

இனி குடும்ப ஜெபம். வீட்டில் அரை மணி நேரம் நடக்கிற ஒழுங்கை அப்படியே தூக்கிக்கொண்டு போனால் இரண்டாம் நாளே நின்றுவிடும். இரவில் வைத்தால் முதல் நாளே நின்றுவிடும், பிள்ளைகள் வண்டியிலேயே தூங்கிவிடுவார்கள். பயணத்தில் ஜெபம் காலையில், குளித்த பின், எவர் கையிலும் கைபேசி ஏறும் முன். ஏழு நிமிடம் போதும். ஒரு பாட்டின் ஒரே சரணம், பிறகு வேதத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒரு சங்கீதம், ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்க வேண்டும். பிறகு பிள்ளை ஒரு கேள்வி கேட்கலாம், பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம். கடைசியாக ஜெபம், அன்றைக்குப் போகிற இடத்தையும் கூட இருக்கிறவர்களின் பெயரையும் வீட்டில் விட்டுவந்தவர்களின் பெயரையும் சொல்லி. பிரசங்கம் வேண்டாம். அப்பாக்களுக்கு இது கடினம் என்று தெரியும்.

கைபேசியில் வேதம் வாசிப்பது வசதிதான். ஆனால் இரண்டாம் வசனத்தில் ஒரு செய்தி வந்து விழும், மூன்றாம் வசனத்தில் வாசிக்கிறவரின் கண் அங்கே போகும். உள்ளங்கையளவு புதிய ஏற்பாடும் சங்கீதமும் சேர்ந்த புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் பாரம் என்றால், அன்றைய சங்கீதத்தைப் பிள்ளையின் கையெழுத்தில் ஒரு அட்டையில் எழுதவையுங்கள். எழுதுகிற பிள்ளைக்குப் பாதி மனப்பாடம் ஆகிவிடும். ரயில் பெட்டியில், விடுதியில், குரல் தாழ்த்தி வாசிப்பது மரியாதை. பக்கத்துப் படுக்கைக்காரர் தூங்கப் பணம் கட்டியிருக்கிறார்.

எந்தச் சங்கீதம்? இதற்கு நாம் தேடவே வேண்டாம், 120 முதல் 134 வரை 15 சங்கீதங்கள் வரிசையாக இருக்கின்றன. ‘ஆரோகண சங்கீதம்’ என்று தலைப்பு இருக்கும், ஆரோகணம் என்றால் ஏறுதல். பொது மொழிபெயர்ப்பில் ‘சீயோன் மலைத் திருப்பயணப் பாடல்’. லத்தீன் எண்ணைப் பின்பற்றிய பழைய கத்தோலிக்கப் பதிப்பு கையில் இருந்தால் ஒரு எண் குறைத்துப் பாருங்கள், 119 முதல் 133. எருசலேமுக்கு ஏறிப்போகிற யாத்திரிகர்கள் பாடியவை என்பது நெடுநாள் மரபு. ஏறுவது என்பது வெறும் பேச்சுக்கு அல்ல. கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 250 மீட்டரில் இருக்கிற எரிகோவிலிருந்து, மேலே 750 மீட்டருக்கு நெருக்கமான எருசலேமுக்குச் சுமார் 25 கிலோமீட்டர் தூரத்துக்குள் ஏற வேண்டும். பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு 1,000 மீட்டர் ஏறுகிறவனுக்குப் பாட்டு நீளமாக இருக்க முடியாது. 15 சங்கீதமும் சேர்ந்தே 101 வசனம்தான். அதில் 132 மட்டும் 18 வசனம். 131, 133, 134 மூன்றும் மூன்று மூன்று வசனம்.

பதினைந்து நாள் யாருக்கும் விடுமுறை கிடைப்பதில்லை, எனவே பொறுக்க வேண்டும். கிளம்புகிற அன்று 121. இதில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுக்கலாம்: ‘காக்கிறவர்’, ‘காப்பார்’ எத்தனை தடவை வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். ஆறு. எபிரெயத்திலும் அந்த வினைச்சொல் ஆறு தடவைதான், பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் ஒன்றைக்கூட நழுவவிடவில்லை. கடைசியில் வருவது ‘உன் போக்கையும் உன் வரத்தையும்’. போனால் மட்டும் போதாது, திரும்பி வரவும் வேண்டும் என்று அந்தப் பாட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

நீண்ட தூரம் உட்கார்ந்து போகிற நாளுக்கு 131. தாயின் பால்மறந்த குழந்தை என்று ஒரு உவமை. பால் குடிக்கிற குழந்தையை மடியில் வைத்தால் அது எதையாவது தேடிக்கொண்டே இருக்கும். பால்மறந்த குழந்தை சும்மா மடியில் சாய்ந்திருக்கும், அதற்கு மடி போதும். ஆறு மணி நேரம் தாமதமான வண்டிக்காக நடைமேடையில் காத்திருக்கிற பெரியவர்களுக்கு இந்த மூன்று வசனம் மாத்திரை மாதிரி. எல்லாரும் சேர்ந்து சாப்பிட உட்காருகிற நாளுக்கு 128, பந்தியைச் சுற்றி ஒலிவமரக் கன்றுகள் போலப் பிள்ளைகள். சண்டை போட்ட மறுநாள் 133. சகோதரர் ஒருமித்து வாசம்பண்ணுவது எத்தனை நன்மை என்று அதைப் பாடச் சொல்லி, முகத்தைத் தூக்கிவைத்திருக்கிற இரண்டு பேரையும் ஆளுக்கு ஒரு வசனம் வாசிக்கவைத்தால் மூன்றாவது வசனத்துக்குள் ஒருவராவது சிரித்துவிடுவார். திரும்பும் முந்தின இரவு 134. 120ஐ வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், பொய் உதடுகளைப் பற்றிய புலம்பலோடு சுற்றுலாவை ஆரம்பிக்க வேண்டியதில்லை.

கிளம்பும்போது செய்கிற ஜெபத்துக்குத் தனியாக ஒரு வார்த்தை. வண்டி வாசலில் நின்று ஒலி எழுப்புகிறது, அப்பா ஒரு கையில் பெட்டியோடு ‘எல்லாரும் கண்ணை மூடுங்க’ என்கிறார், அம்மா அடுப்பை அணைத்தோமா என்று யோசிக்கிறாள். அந்த நிமிடத்தில் யாரும் ஜெபிப்பதில்லை. முந்தின இரவு, பெட்டிகள் கட்டி வாசலருகே வைத்த பிறகு, அந்தப் பெட்டிகளைச் சுற்றியே உட்கார்ந்து ஜெபித்துவிடுங்கள். வழியனுப்ப வருகிறவர்கள் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போஸ்தலன் பவுல் தீரு பட்டணத்தில் ஏழு நாள் தங்கிக் கிளம்பும்போது, சீஷர்கள் மனைவி பிள்ளைகளோடு ஊருக்கு வெளியே வந்து கடற்கரையில் முழங்காற்படியிட்டதாக லூக்கா எழுதுகிறார் (அப்போஸ்தலர் 21:5). பவுலின் பயணங்களில் பிள்ளைகள் தென்படுகிற அபூர்வமான இடம் அது. போகிறவர்கள் கப்பல் ஏறினார்கள், வந்தவர்கள் வீடு திரும்பினார்கள். அவ்வளவுதான், நீளமே இல்லை.

வழியில் வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான குடும்பங்களுக்குத் தொலைந்துபோகிற ஞாயிறு. தங்குமிடம் பார்க்கும்போதே பக்கத்து ஆலயத்தையும் பார்த்துவிட்டால் பாதி வேலை முடியும். இணையத்தில் போட்டிருக்கிற ஆராதனை நேரம் பழையதாக இருக்கலாம், கோடைக்கும் குளிருக்கும் நேரம் மாற்றுகிற சபைகள் உண்டு. சனிக்கிழமை ஒரு தடவை கூப்பிட்டுக் கேளுங்கள். கத்தோலிக்கருக்கு ஒரு வசதி உண்டு, சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கெடுத்தாலே ஞாயிறு திருப்பலிக் கடமை நிறைவேறியதாகத் திருச்சபைச் சட்டம் சொல்கிறது (சட்டம் 1248). ஞாயிறு விடியற்காலை வண்டி ஏறுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மொழி தெரியாத ஊரில் ஆராதனைக்குப் போனால் பிள்ளைகள் நெளிவார்கள். இதற்குப் பழைய மருந்து ஒன்று இருக்கிறது, வாசகப் பட்டியல். உலகம் முழுவதும் கத்தோலிக்க ஆலயங்களில் ஒரு ஞாயிறு வாசகம் பொதுவாக ஒன்றே. மூன்று ஆண்டுச் சுற்று, முதல் ஆண்டு மத்தேயு நற்செய்தி, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா, சுற்று மாறுவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. பல சீர்திருத்தச் சபைகள் பின்பற்றுகிற பொதுப் பட்டியலும் இதே மூன்றாண்டு முறையில் அமைந்தது. எனவே ஞாயிறு காலை அந்த வேதப்பகுதியைத் தமிழில் ஒரு தடவை வாசித்துவிட்டுப் போனால், சொல் புரியாவிட்டாலும் எங்கே இருக்கிறோம் என்று தெரியும். பெயர்ச்சொற்கள் காதில் விழும், ‘பேதுரு’வுக்குக் காத்திருக்கிற பிள்ளை நெளியாது. பட்டியல் இல்லாத சபை என்றால் கூப்பிடும்போதே எந்தப் பகுதியிலிருந்து செய்தி என்று கேட்டுவிடலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

நற்கருணை விஷயத்தில்தான், அதாவது இயேசுவின் கடைசிப் பந்தியை நினைத்துப் பகிர்கிற அப்பமும் ரசமும் வரும்போதுதான், தர்மசங்கடம் வரும். கத்தோலிக்கத் திருப்பலியில் பிற சபையினர் பொதுவாக நற்கருணை வாங்குவதில்லை. ஆர்த்தடாக்ஸ் ஆலயங்களிலும் அப்படித்தான், ஆனால் ஆராதனை முடிவில் ஆசீர்வதித்துத் தருகிற அப்பம் வேறு, அதைப் பல இடங்களில் விருந்தாளிக்கும் நீட்டுவார்கள், வாங்கிக்கொள்ளலாம். ஞானஸ்நானம் பெற்ற எல்லாரையும் மேசைக்கு அழைக்கிற சபைகளும் உண்டு. இதைப் பந்திக்கு வரிசையில் நிற்கும்போது பிள்ளைக்கு விளக்க முடியாது, உள்ளே போகும் முன் சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, ஆலயத்தை விட்டு வெளியே வந்ததும் ‘நம்ம சபை மாதிரி இல்லை’ என்று ஆரம்பிக்கிற விமரிசனம். பிள்ளைகள் பிரசங்கத்தை மறந்துவிடுவார்கள், வண்டியில் அப்பா பண்ணின கிண்டலை மறக்க மாட்டார்கள்.

பிள்ளை தொலைவதைப் பற்றி எழுதாமல் இந்தக் கட்டுரை முடியாது. வேதத்தின் மிகப் பிரபலமான குடும்பப் பயணத்தில் நடந்ததே அதுதான். இயேசுவுக்கு 12 வயது. எருசலேமில் பஸ்கா பண்டிகை முடிந்து திரும்புகிற கூட்டம். யோசேப்பும் மரியாளும் கவனக்குறைவானவர்கள் என்று லூக்கா எங்கும் சொல்லவில்லை. அவர் கொடுக்கிற காரணம் ஒரே வினைச்சொல்: ‘நினைத்து’. பயணக் கூட்டத்தில் இருப்பார் என்று நினைத்து ஒரு நாள் பிரயாணம் வந்துவிட்டார்கள் (லூக்கா 2:44). சொந்தக்காரர்கள் நிறைய இருக்கிற கூட்டத்தில்தான் பிள்ளை தொலையும். எல்லாரும் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள்.

இதற்குத் தீர்வு வாய்விட்டுச் சொல்வது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர் பெயர். அந்தப் பெரியவர் கழிப்பறைக்குப் போகிறார் என்றால் ‘தம்பியைப் பார்த்துக்கோங்க அத்தை’ என்று சொல்லிவிட்டு நடந்தால் போதாது, அத்தை ‘சரி, என்கிட்ட இருக்கான்’ என்று திரும்பச் சொல்லும் வரை நகரக் கூடாது. தலை எண்ணுவது மூன்று இடத்தில்: வண்டியை விட்டு இறங்கியதும், கழிப்பறையிலிருந்து எல்லாரும் வந்ததும், வண்டி நகரும் முன். எண்ணிக்கையை மட்டும் சொல்லாமல் பெயரைச் சொல்லி எண்ணுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏறிக்கொண்டால் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். காலையில் கிளம்பும்போது பிள்ளைகளை ஒரு புகைப்படம் எடுத்துவைத்தால் அன்றைய சட்டை நிறம் யாருக்கும் மறக்காது. தொலைந்தால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். பெரியவர்களில் ஒருவர் கடைசியாகப் பார்த்த இடத்துக்கு நேராகப் போக வேண்டும், மற்றவர்கள் ஆளுக்கொரு திசை. யோசேப்பும் மரியாளும் முதலில் உறவினரிடமும் அறிமுகமானவர்களிடமும் தேடி, அதன் பிறகுதான் எருசலேமுக்குத் திரும்பினார்கள். கண்டுபிடித்தது மூன்று நாளைக்குப் பின்பு, தேவாலயத்தில்.

கிடைத்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, ஏன் எங்களுக்கு இப்படிச் செய்தாய் என்பதுதான். மரியாளுக்கே அப்படி வந்தது என்றால் நமக்கு என்ன வரும். ஆனால் பிள்ளை சொன்ன பதில் அவர்களுக்கு விளங்கவில்லை என்றும், அவள் அதை மனதில் வைத்துக்கொண்டாள் என்றும் லூக்கா முடிக்கிறார். தொலைந்து கிடைத்த பிள்ளைக்குத் தண்ணீர் கொடுங்கள், பக்கத்தில் உட்காருங்கள், ஒரு மணி நேரம் எந்த விசாரணையும் வேண்டாம். எங்கே தப்பு நடந்தது என்று பார்ப்பது அன்றிரவு பெரியவர்களுக்குள்.

விசுவாசிகள் வீட்டில் தங்குவது நம்மிடையே சகஜம். எத்தனை நாள் தங்கலாம் என்பதற்கு ஆதிச்சபையிலேயே விதி இருந்தது. டிடாக்கே என்கிற பழைய போதனைத் தொகுப்பு, ஊர் ஊராக வருகிற அப்போஸ்தலன் ஒரு நாள் தங்கலாம், தேவைப்பட்டால் இன்னொரு நாள், மூன்று நாள் தங்கினால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது. சாதாரண வழிப்போக்கனுக்கு இரண்டு அல்லது மூன்று நாள். குடும்பமாகப் போகிறவர்கள் இந்த விதியை வைத்துக்கொண்டாலே போதும், உறவு கெடாது. போர்வையை மடிப்பது, குளியலறையில் முடியை எடுப்பது, ஒரு வேளைச் சமையலையாவது நாம் பார்ப்பது இவையெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சமையல் என்றதும் இன்னொன்று. பயணத்திலும் அடுக்களையை விட்டு வெளியே வராத அம்மாக்கள் இருக்கிறார்கள். இடம் மாறியிருக்கும், வேலை மாறியிருக்காது. ‘சற்றே இளைப்பாறுங்கள்’ என்று இயேசு சொன்னது சாப்பிடக்கூட நேரமில்லாத ஆட்களிடம் (மாற்கு 6:31). குடும்பத்தில் அந்த வசனம் யாருக்குப் பொருந்தும் என்று பார்த்து, ஒரு நாளை முழுதாக அவருக்கு விட வேண்டும். அன்றைக்குத் துணி துவைப்பதும் பிள்ளைகளுக்கு ஊட்டுவதும் மற்றவர்கள். ஜெபத்தை நடத்துகிற அப்பா அன்றைக்குத் துணியும் துவைக்கட்டும்.

எதையாவது மறந்துவைத்துவிட்டு வருவதும் பயணத்தில் சேர்ந்ததுதான். துரோவா பட்டணத்தில் கார்ப்பு என்பவர் வீட்டில் விட்டுவந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும் எடுத்துக்கொண்டு வா, மாரிகாலத்துக்கு முன் வந்துவிடு என்று சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார் பவுல். அறையைக் காலி செய்யும்போது கட்டிலுக்கு அடி, குளியலறைக் கதவின் பின்புறம், சார்ஜர் செருகிய சுவர், குளிர்சாதனப் பெட்டியில் வைத்த இன்சுலின், இந்த நான்கையும் ஒருவர் மட்டும், மற்றவர்கள் வெளியேறிய பின், பார்த்துவிட்டுக் கதவைச் சாத்த வேண்டும்.

வீடு திரும்பிய அன்றே எல்லாப் பெட்டியையும் பிரிக்காதீர்கள், மருந்துப் பையையும் அழுக்குத் துணியையும் தவிர. எஸ்றாவின் ஆட்கள் மூன்று நாள் எடுத்துக்கொண்டார்கள். நான்காம் நாள் நோட்டை எடுத்து உறைகளை எண்ணிப் பாருங்கள். அவசர உறையில் மிஞ்சியது வீட்டுக்கு. காணிக்கை உறையில் மிஞ்சியது அடுத்த ஞாயிறு ஆலயத்துக்கு.